திருநங்கையரும் உருவ நலமும்: ஓர் ஆராய்ச்சி

மணிமேகலைக் காப்பியத்தில், புகார் நகரத்து வீதியிலே பேடிக்கோலம் பூண்டு ஆடுவாரைச் சூழ்ந்து நின்று மக்கள் பார்க்கும் காட்சி ஒன்று வருகிறது. சாத்தனார் அக்கோலத்தை அவயவம் அவயவமாக வருணித்துச் செல்லும்பொழுது, சுருண்ட தாடியை முதலிற் சொல்லி, அதன் பின்னர்ப் பூ முடித்த கூந்தலையும், பவளம் போன்ற வாயையும், எழுந்த மார்பையும், அகன்ற அல்குலையும், நுண்ணிய இடையையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கூறுகிறார். சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள்ளும் பேடு என்பது ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆணுடம்பிலே பெண்ணுருவம் தோன்ற வேண்டுமாயின் எந்த எந்த உறுப்பில் எந்த எந்த மாறுதல் வேண்டும் என்பதைத் தமிழ்க் கவிஞர் கண் அன்றே கணக்கிட்டிருந்தது என்பதற்கு இவ்வருணனை சான்று. ஆயினும் அங்கே நாம் காண்பது கோலம். கூத்து முடிந்ததும் களைந்து வைக்கப்படுவது. இக்கட்டுரை ஆராயப் புகுவதோ, களைந்து வைக்க இயலாததும், விடிந்தெழுந்தால் கண்ணாடியில் எதிர்ப்படுவதும், ஆயுள் முழுவதும் உடன் வருவதுமான உருவத்தைப் பற்றியது.

தியாகராய நகரத்துப் பாண்டி பஜாரிலோ, மயிலாப்பூர் மாட வீதிகளை அடுத்த சந்துகளிலோ, ரவிக்கை தைக்கும் தையற்காரர் முன்னே அளவு கொடுக்க நிற்கும் இளந்திருநங்கை ஒருவரை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். மார்பு, இடை, இடுப்பு என்று மூன்று எண்கள் சீட்டில் ஏறுகின்றன. அம்மூன்று எண்களுக்கிடையே உள்ள விகிதமே பெண்மேனியின் வளைவு என்று உலகம் நம்புகிறது. அவ்விகிதம் தமக்கு எப்போது வாய்க்கும், எவ்வழியால் வாய்க்கும், எவ்வளவு வாய்க்கும் என்பனவே அவர் நெஞ்சை அரிக்கும் வினாக்கள். இதனை வெறும் அலங்கார ஆசையென்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் அடையாற்றிலிருந்து புறப்படும் மாநகரப் பேருந்தில் ஒரு திருநங்கையோடு பயணம் செய்து பார்க்கட்டும். வாடகைக்கு வீடு கேட்டு அவர் வாயிற்படிகளில் நிற்கையில் கூட நின்று பார்க்கட்டும். உருவம் அவர்களுக்குப் பாதுகாப்பு, பிழைப்பு, பேச்சற்ற அடையாளச் சீட்டு. இவற்றுக்கெல்லாம் அப்பால், தம் சரீரம் தம்முடையது என்று உணர்ந்து அமைதியுறும் உரிமையும் ஒன்றுண்டு. திருநங்கை எழுத்தாளர் ரேவதி, அரவாணிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்ட நூலுக்கு ‘உணர்வும் உருவமும்’ என்று பெயரிட்டது பொருள் பொதிந்த செயல். உணர்வு ஒன்றாகவும் உருவம் வேறாகவும் இருப்பதன் துன்பத்தை அவ்விரண்டு சொற்களே உரைத்துவிடுகின்றன.

உருவம் என்று நாம் பொதுவாகச் சொல்வது எலும்பு, தசையோடு கூடிய கொழுப்பு, உடை, நடை ஆகிய நான்கின் கூட்டு. இவற்றுள் எலும்பு ஏறக்குறைய மாறாதது. தசையும் கொழுப்பும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறுபவை. உடை இன்று மாலையே மாறக்கூடியது. நடை பயிற்சியின் அளவுக்கேற்ப மாறுவது. இந்நான்கின் வேகங்களும் வேறுவேறானவை என்பதை அறியாமையாலும், அறிந்திருந்தும் பொறுக்கவியலாத நிலையிற் பலர் தள்ளப்படுவதாலுமே இத்துறையில் நேரும் தீங்குகள் பெரும்பாலும் விளைகின்றன என்பது என் துணிபு. இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பூப்பெய்தும் பருவத்துக்கு முன்னர் ஆண்பிள்ளையின் எலும்புக்கூட்டுக்கும் பெண்பிள்ளையின் எலும்புக்கூட்டுக்கும் இடையே வேறுபாடு சிறிதே. பருவம் வந்ததும் ஆணுடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் (ஹார்மோன்) பெருகித் தோளெலும்பை நீட்டி, விலாக்கூட்டை விரித்து, குரல்வளையைப் பெருக்குகிறது. பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன் இடுப்பெலும்பை அகலச் செய்கிறது. பருவத்தின் முடிவில் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்கின்றன. மூடிக்கொண்ட பின் எந்த மருந்தும் தோளின் அகலத்தைக் குறைக்காது, இடுப்பெலும்பையும் அகலமாக்காது. ஒருமுறை தடித்த குரலை மெல்லியதாக்கவும் செய்யாது. சரீர சாஸ்திரம் வரைந்த இந்த எல்லையை முதலிலேயே அறிந்துகொள்ளும் திருநங்கை, பின்னாளில் ஏமாற்றத்தால் மனமுடைவதினின்றும், இடுப்பெலும்பை விரிவாக்கித் தருவதாகச் சொல்லும் போலி விளம்பரங்களுக்குப் பணம் கொடுப்பதினின்றும் தப்புகிறார்.

இரண்டாவதாகிய தசையும் கொழுப்புமே மருத்துவத்தின் உண்மையான களம். இக்களம் திறந்து நூறாண்டுகூட ஆகவில்லை. அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டெனாண்ட்டும் பெண்மைச் சுரப்புநீர் ஒன்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தது 1929-இல். டென்மார்க்கில் சிகிச்சை பெற்ற அமெரிக்கப் பெண்மணி கிறிஸ்டின் ஜோர்கென்சனின் செய்தி உலகெங்கும் பத்திரிகைகளில் பரவியது 1952-இல். இத்தகைய சிகிச்சைக்கு உலகளாவிய நெறிமுறை முதன்முதலாக வகுக்கப்பட்டது 1979-இல். அதன் எட்டாம் பதிப்பு வெளிவந்தது 2022-இல். இன்று வழங்கும் முறை சுருக்கமாக இது: டெஸ்டோஸ்டிரோனின் ஆதிக்கத்தை ஒரு மருந்தால் அடக்கி, உடலில் இயல்பாகச் சுரக்கும் எஸ்ட்ராடயால் என்னும் ஈஸ்ட்ரோஜனை ஒத்த மருந்தை மாத்திரையாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ, களிம்பாகவோ, ஊசியாகவோ செலுத்துவது, இடையிடையே இரத்தத்தைச் சோதித்து, இரண்டு சுரப்புநீர்களின் அளவுகளும் பெண்ணுடலின் வரம்புக்குள் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது.

இதனால் நிகழ்பவற்றின் காலக்கணக்கை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்வது நலம். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தோல் மென்மையுறத் தொடங்குகிறது, மார்பில் சிறு கட்டியும் நோவும் தோன்றுகின்றன, தசை தளர்கிறது, கொழுப்பு வயிற்றைவிட்டுத் தொடை, இடுப்பு, பிட்டம் ஆகிய இடங்களை நாடத் தலைப்படுகிறது. இக்கொழுப்பின் இடமாற்றம் நிறைவெய்த இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆகலாம். மார்பின் வளர்ச்சிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். பருவம் எய்திய பெண்பிள்ளை முழு உருவம் பெறச் சில ஆண்டுகள் செல்வதை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை. திருநங்கையின் சரீரமும் இரண்டாவது பருவம் ஒன்றைக் கடக்கிறது என்று கொண்டால் இக்காலக்கணக்கு நியாயமாகவே தோன்றும். வளர்ச்சியின் அளவோ ஒருவருக்கொருவர் வேறுபடும். வம்சமும் வயதும் அதனை நிர்ணயிக்கின்றன. மருந்தின் அளவை இரட்டிப்பதால் மார்பு இருமடங்காக வளர்வதில்லை. ஆபத்து மட்டுமே வளர்கிறது.

உணவைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். ஏற்கெனவே வயிற்றில் தங்கிய கொழுப்பு மருந்தின் கட்டளைக்கு ஒரே நாளில் இடம்பெயர்வதன்று. புதிதாகச் சேரும் கொழுப்பே பெரும்பாலும் புதிய நியதிப்படி இடுப்பையும் தொடையையும் அடைகிறது. ஆகவே மெலிய வேண்டும் என்று பட்டினி கிடப்பவர் வளைவுக்கு வேண்டிய மூலப்பொருளையே இழக்கிறார். விரைவில் பூரிக்க வேண்டும் என்று எண்ணெய்ப் பண்டங்களை அள்ளி உண்பவரோ நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் விலைக்கு வாங்குகிறார். பருப்பு, முட்டை, கீரை, மோர் என்று நம் வீட்டுச் சமையலில் உள்ளவற்றை அளவோடு உண்பதும், தொடைக்கும் பிட்டத்துக்கும் வேலை தரும் உடற்பயிற்சிகளைச் செய்வதும், எலியட்ஸ் கடற்கரையில் காலையில் வேகமாக நடப்பதும் எளிய, செலவற்ற, தீங்கற்ற உபாயங்கள். மேல்தோளைப் பருக்கச் செய்யும் பளு தூக்குதலை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

இனி இத்துறையின் இருண்ட பகுதிக்கு வருவோம். மருத்துவரை அணுக வெட்கமும், வீட்டார்க்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமும், கையில் காசின்மையும் சேர்ந்து, பலரை மருந்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கருத்தடை மாத்திரைகளிடம் கொண்டு சேர்க்கின்றன. தோழி ஒருத்தி நாளொன்றுக்கு இரண்டு விழுங்கினாள் என்று கேட்டு, இவர் நான்கு விழுங்குவதும் உண்டு. அம்மாத்திரைகள் பலவற்றில் உள்ளது எதினில் எஸ்ட்ராடயால். 1938-இல் பெர்லினில் செயற்கையாக ஆக்கப்பட்ட இப்பொருள் ஈரலிலே எளிதிற் சிதையாது தங்கி, இரத்தம் உறையும் தன்மையை மிகுவிப்பது. கருத்தடைக்குரிய சிறிய அளவே சிலருக்குக் காலின் ஆழ்ந்த நாளங்களில் இரத்தக்கட்டியை உண்டாக்கக்கூடும் என்றால், உருவ ஆசையால் பன்மடங்காக விழுங்குவோர், அதிலும் புகைபிடிக்கும் பழக்கமுடையோர், எத்தகைய ஆபத்தைத் தேடிக்கொள்கின்றனர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அக்கட்டி நுரையீரலை அடைந்தால் மரணமே நேரலாம். இதனாலேயே உலக நெறிமுறைகள் இச்சிகிச்சைக்கு அப்பொருளை விலக்கிவிட்டன. காலொன்று திடீரென வீங்கி நோவதும், மூச்சு வாங்குவதும், மார்பு குத்துவதும் கண்டால் அரைமணிகூடத் தாமதியாது மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்பதை ஒவ்வொரு திருநங்கையும் அறிந்திருத்தல் கடமை.

ஆண்மைச் சுரப்பை அடக்கும் மருந்துகளும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. ஸ்பைரோனோலாக்டோன் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். சைப்ரோடிரோன் மிகுந்த அளவில் நெடுங்காலம் உட்கொள்ளப்படின் மூளையுறையில் கட்டியை விளைவிக்கக்கூடும் என்று கண்டிருக்கிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில், சிறிய அளவில், இரத்தப் பரிசோதனையோடு கொள்ளுங்கால் இவை பயன் தருவன. இவற்றினும் கொடியது, இடுப்பிலும் மார்பிலும் திரவ சிலிகானை ஊசியால் ஏற்றிக்கொள்ளும் வழக்கம். அத்திரவம் வைத்த இடத்தில் தங்குவதில்லை. தசைக்குள் ஊர்ந்து இறங்கி, ஆண்டுகள் கழித்துச் சீழும் கட்டியுமாக வெளிப்படுகிறது. நாளத்துள் புகுந்தால் அப்பொழுதே நுரையீரலை அடைத்துவிடுகிறது. ஒரே நாளில் இடுப்பு வளைந்துவிடும் என்னும் வாக்குறுதியை நம்பி எவரும் அந்த ஊசிக்கு உடம்பைக் கொடுக்கலாகாது.

சத்திரசிகிச்சையைப் பற்றிய பேச்சு எழும்போது நம் நாட்டுப் பழைய வழக்கமாகிய நிர்வாணத்தைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. சமூகத்து மூத்தவராகிய தாயம்மாவின் கையால் உறுப்பு நீக்கப்பெற்று, நாற்பது நாள் விரதம் போல ஒதுங்கியிருந்து, அதன்பின் மஞ்சள் பூசி, பாலூற்றிச் சடங்கு செய்து, புதுப்பிறவி எடுத்தவராகக் கொண்டாடப்படும் அந்நிகழ்ச்சி, அதில் ஈடுபட்டோரின் உள்ளத்தில் பெற்றிருக்கும் புனிதம் மதிக்கத்தக்கதே. எனினும் அதில் உயிரிழந்தோர் பலர். லிவிங் ஸ்மைல் வித்யா, ‘நான், வித்யா’ என்னும் தன்வரலாற்றில், போதிய வசதியற்ற இடத்தில் தாம் செய்துகொண்ட சத்திரசிகிச்சையின் வேதனையை மறைக்காமல் எழுதியிருக்கிறார். உருவத்தோடு தொடர்புடைய உண்மை ஒன்றும் இங்கே உண்டு. விரைகளை நீக்குவதால் டெஸ்டோஸ்டிரோன் ஒழிகிறது. ஈஸ்ட்ரோஜன் தானாக வந்துவிடுவதில்லை. இரண்டும் இல்லாத சரீரம் பெண்மையின் வளைவை முழுமையாக எய்தாததோடு, ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு நொய்ந்து எளிதில் முறியும் நிலையையும் அடைகிறது. நிர்வாணம் முடிந்ததோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணி மருந்தின்றி முதுமை எய்திய மூத்த திருநங்கையர், தம் எலும்பின் வலிமையைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

மார்பைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சையும், கொழுப்பை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் நிரப்பும் சிகிச்சையும் இன்று சென்னையிலேயே கிடைக்கின்றன. ஹார்மோன் தன் பணியைச் செய்ய ஓராண்டாவது விட்டு, அதன் பின்னரும் குறையுண்டென்று தோன்றினால் மட்டும் அவற்றை நாடுவதே விவேகம். இயற்கை தானே தரவிருப்பதைக் கடன்வாங்கிச் செலவிட்டுப் பெறுவானேன்?

மூன்றாவதும் நான்காவதுமாகிய உடையிலும் நடையிலும் சென்னை நகருக்கு நெடிய பரம்பரை ஒன்று உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் ஸ்திரீ பார்ட்டுகளை ஆடவரே ஏற்றனர். அவருடைய நாயகன் வேடத்துக்கு இணையாக நாயகியாகத் தோன்றிய ரங்கவடிவேலு அக்காலத்து ரசிகர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டவர். பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த சிவாஜி கணேசனும் தொடக்கத்தில் பெண்வேடம் புனைந்தவரே. எலும்பை மாற்றாமலே, மருந்தின் துணையுமின்றி, கண்ணைப் பெண்ணுரு காணச் செய்யலாம் என்பதை அவர்கள் மேடையில் மெய்ப்பித்தனர். அவர்களுக்கு அது தொழில், திருநங்கையர்க்கு அது வாழ்வு என்னும் பேதத்தை மறவாமல், அவர்கள் கண்ட நுட்பத்தைக் கைக்கொள்வதில் தவறில்லை.

புடைவையைப் போல இவ்விஷயத்தில் துணைசெய்யும் ஆடை வேறொன்று உண்டோ என்று எனக்கு ஐயம். முந்தானை ஒரு தோளின்மேற் சாய்வாகச் செல்வதால் அகன்ற தோள் இரண்டாகப் பிரிக்கப்பட்டுக் குறுகித் தோன்றுகிறது. கொசுவம் இடுப்பின் முன்னே திரட்சியைத் தருகிறது. கஞ்சியிட்ட நூற்புடைவை விறைத்து நின்று ஒடுங்கிய இடுப்பை அகலமாகக் காட்டுகிறது. உடலோடு ஒட்டும் மெல்லிய துணியோ உள்ளதை உள்ளபடியே காட்டிவிடுகிறது. ரவிக்கைக் கையைத் தோளில் பொம்மென்று உப்பவைத்துத் தைத்தால் அகலம் கூடும். படிந்த கையும், சற்றே இறங்கிய கழுத்தும் அதனைக் குறைக்கும். இவற்றையெல்லாம் தியாகராய நகரத்துத் தையற்காரர் நன்கறிவர். கேட்பவரை மதித்துச் சொல்வாரானால் அதுவே அவர் செய்யும் பேருதவி. இடையைக் குறுக்கிக் காட்டுவதற்காகப் பாவாடை நாடாவையும் இறுக்குக் கச்சையையும் மூச்சு முட்டக் கட்டுவது மட்டும் வேண்டா. நாடா அழுந்திய இடத்தில் தோல் கறுத்துப் புண்ணாவதும், உணவு செரியாமற் போவதும் அதன் பலன்.

நடைக்கு வருவோம். கடையும் வண்டியும் கூட்டமுமாக நெருங்கிய இந்நகரத்தில், நெடுந்தொலைவிலிருந்து வரும் ஒருவரை நாம் முதலில் அறிவது முகத்தால் அன்று, நடையால். ருக்மிணி தேவி 1936-இல் அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரத்திலும், மயிலாப்பூர் வீடுகளின் மாடிகளிலும் நடனம் பயிலும் குழந்தைகளைப் பார்த்தவர்கள், நிற்பதும் திரும்புவதும் கையை மடக்குவதும் பிறப்பால் வருவன அல்ல, ஆசிரியர் தட்டுக்கழியின் தாளத்துக்கு ஆண்டுக்கணக்கில் பழகி வருவன என்பதை அறிவர். லாஸ்யம் என்னும் மென்மையான அசைவு ஒரு வித்தை; கற்றால் வருவது. இதற்கு நம்மிடையே வாழும் நிரூபணம் நர்த்தகி நடராஜ். மதுரையிற் பிறந்து, வீட்டினின்றும் விலக நேர்ந்து, தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் குருகுலமாகப் பரதம் பயின்று, சென்னை மேடைகளில் நாயகி பாவத்தை நிலைநாட்டிய அவருக்கு 2019-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. திருநங்கை ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. அவர் ஆடுகையில் தோளின் அகலத்தை அளந்துகொண்டிருப்பவர் எவரும் இலர். அவையினர் காண்பது தலைவனுக்காக ஏங்கும் தலைவியையே.

இவ்வளவையும் தொகுத்து நோக்குங்கால், அறிவு இருக்கிறது, மருந்து இருக்கிறது, கலை இருக்கிறது; இவை சேர வேண்டியவரைச் சேர்வதற்கான வழியே குறுகியிருக்கிறது என்பது புலனாகும். தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் அன்று. திருநங்கையர்க்கென நல வாரியம் 2008 ஏப்ரல் 15 அன்று இங்கே அமைந்தது. அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்றுச் சத்திரசிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளும் ஏற்பாடும் வந்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதற்குரிய இடங்களாயின. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, தம் பாலினத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமையை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் 2019-இல் இயற்றிய சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சையையும், சத்திரசிகிச்சையையும், அதற்கு முன்னும் பின்னும் வேண்டிய ஆலோசனையையும் அளிக்கும் பொறுப்பை அரசின்மேற் சுமத்தியது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் ஆண், பெண் என்னும் இரண்டிலும் அடங்காதவர் என்று பதிந்துகொண்டோர் 22,364 பேர். இச்சிறு தொகையினர்க்கு மாதந்தோறும் தரமான மருந்தும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் மாவட்டந்தோறும் அளிப்பது இவ்வரசின் சக்திக்கு அப்பாற்பட்டதாகாது. சத்திரசிகிச்சை ஒரு நாள் நிகழ்ச்சி. ஹார்மோன் ஆயுள் முழுவதும் தொடர்வது. முன்னதற்குக் காட்டும் அக்கறையைப் பின்னதற்கும் காட்ட வேண்டும்.

உருவத்தை அளக்கும் கோல் யாருடையது என்ற வினாவும் எஞ்சி நிற்கிறது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிப் பூக்கட்டி விற்கும் பெண்களையும், காய்கறிக் கூடை சுமந்து வரும் பெண்களையும் ஒரு நாள் ஊன்றிப் பாருங்கள். அகன்ற தோளும் ஒடுங்கிய இடுப்பும் உடையோர் எத்தனை பேர்! தட்டையான மார்பினர் எத்தனை பேர்! கனத்த குரலினர் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்தியையேனும், நீ பெண்தானா என்று யாரும் கேட்பதில்லை. சினிமாச் சுவரொட்டியில் காணும் மேனி பிறவிப் பெண்களிலேயே நூற்றில் ஒருத்திக்கு வாய்ப்பது அரிதாயிருக்க, அதையே திருநங்கையின் பெண்மைக்குத் தேர்வாக வைப்பது நீதியன்று. அந்தத் தேர்வில் வெல்லவேண்டும் என்ற பதற்றமே அவரை நான்காவது மாத்திரைக்கும் சிலிகான் ஊசிக்கும் துரத்துகிறது.

ஆகவே இளந்திருநங்கையர்க்குச் சொல்வது இது: எலும்போடு போராடாதீர், மருந்தை மருத்துவரிடமே பெறுவீர், ஐந்தாண்டு அவகாசத்தை உங்கள் சரீரத்துக்கு மனமுவந்து அளிப்பீர், அதுவரை உடையும் நடையும் உங்களுக்குத் துணை. பெற்றோர்க்குச் சொல்வது இதனினும் முக்கியமானது. இக்கட்டுரையிற் கூறிய ஆபத்துகளுள் ஏறக்குறைய அனைத்தும், பிள்ளை உங்களுக்கு ஒளித்துச் செய்வதால் விளைபவை. உங்கள் பிள்ளை தன்னை மகள் என்று சொல்லும் நாளில், வாசற்கதவைச் சாத்தாமல், முதல் மருத்துவப் பரிசோதனைக்கு நீங்களே கூட வாருங்கள். வரும் வழியில் முதல் ரவிக்கைக்கு அளவு கொடுக்கவும் கூட நில்லுங்கள்.